பதினாலாம் பாதை

ஹார்ன் ஸ்கார் என்ற செங்குத்துப் பாறையிலிருந்து டெனீஸ் ஸ்பென்ஸ்லி விழுந்தது அக்டோபர் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. லீட்ஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஆல்வின் மெட்காஃபுக்கு அது செவ்வாய்க்கிழமை மாலைதான் தெரிந்தது. அதற்குள் ஹெப்டேல் கிராமத்தில் அது சிரிப்புக் கதையாகியிருந்தது.

சொன்னவர் ரெக் ஃபாசெட். டிராக்டர் பாகங்கள் விற்பவர். மலை மீட்புக் குழுவுக்கும் ஊர் மலையோட்டக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். எங்காவது யாருக்காவது ஆபத்தென்றால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிற மனிதர். ஆனால் ஒரு கதை கையில் சிக்கிவிட்டால் லேசில் விட மாட்டார். பப்பில் கணப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அன்றைக்கு நாலாவது தடவையாகவோ ஐந்தாவது தடவையாகவோ சொன்னார்.

டெனீஸ் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. நாற்பத்துநாலு வயது. மூன்று வருடமாகத்தான் மலையில் ஓடுகிறாள். அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தனியாகக் கிளம்பியிருக்கிறாள். ஆல்வின் எழுதிய ஓட்டப் பாதைப் புத்தகத்தில் அது பதினாலாம் பாதை. மலைமுதுகில் ஏறியதும் மூடுபனி பிடித்துக்கொண்டது. கல்சுவர் இரண்டாகப் பிரியும் இடத்தில், ஊரார் இரட்டைச் சுவர் என்று சொல்கிற இடத்தில், வலப்பக்கச் சுவரோடு போக வேண்டியவள் இடப்பக்கச் சுவரோடு போய்விட்டாள். அந்தச் சுவர் ஹார்ன் ஸ்காரின் விளிம்பில் போய் முடிகிறது. கீழே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, செங்குத்து. நல்லவேளை, மூன்று ஆள் உயரத்துக்குக் கீழே புல் முளைத்த ஒரு திட்டு இருந்தது. அதில் விழுந்தாள். கணுக்கால் முறிந்தது, மணிக்கட்டும் முறிந்தது. போனில் சிக்னல் இல்லை. விசிலை ஊதிக்கொண்டே கிடந்திருக்கிறாள். ஆடு தேடி வந்த ஒருவர் காதில் விழுந்து, மீட்புக் குழு போய்த் தூக்கிவர மதியம் இரண்டு மணியாகிவிட்டது.

"கயித்துல இறங்கிப் போயி, வலப்பக்கம்ல போகணும், என்ன பொண்ணே ஆச்சுன்னு கேக்குறேன்," என்றார் ரெக். "வலதும் இடதும் மாறிப்போச்சு ரெக், அப்டிங்குறா. பல்லு கிட்டிக்குது குளிர்ல, அப்பவும் மன்னிப்புக் கேக்குறா. இவ டிரைவிங் டெஸ்ட்டுல மூணு தடவ ஏன் ஊத்திக்கிச்சுன்னு இப்பத்தான்யா எனக்குப் புரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆல்வினும் சிரித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது ஓடைப் பாலத்தின் மேல் அவருக்குத் தன் புத்தகத்திலிருந்தே ஒரு வரி நினைவுக்கு வந்தது. அதில் இடப்பக்கம் என்ற சொல் இருந்ததுபோல் தோன்றியது. இருக்காது என்று நினைத்துக்கொண்டு நடந்தார். பிறகு வேகமாக நடந்தார்.

ஆல்வினுக்கு அறுபத்தொரு வயது. இருபத்தெட்டு வருடம் மாவட்ட மன்றத்தில் பொதுப்பாதைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். எந்தப் பண்ணைக்காரர் எந்தக் கேட்டைப் பூட்டுவார், சுவரைத் தாண்ட வைத்த எந்த ஏறுபடி உளுத்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகு, சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி ஒரு பச்சை அட்டைப் புத்தகம் போட்டார். ஹெப்டேலைச் சுற்றி இருபது ஓட்டப் பாதைகள். உள்ளூர்க்காரர்கள் வாங்கி அலமாரியில் வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் கையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். மூன்று வருடத்தில் இரண்டு தடவை அச்சாகியிருந்தது.

அறுபத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டினார். இருந்தது. 'சுவர் இரண்டாகப் பிரியும் இடத்தில் இடப்பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு அது முடியும்வரை ஓடுங்கள். முடிவில் ஓர் இரும்புக் கேட் இருக்கும்.'

நிலப்படத்தை எடுத்துச் சமையலறை மேசையில் விரித்தார். எப்படி நடந்தது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் பாதை தெற்கே இறங்குகிறது. இரும்புக் கேட் இருக்கும் சுவர் மேற்கே போகிறது. தெற்கு பார்த்து ஓடுகிறவனுக்கு மேற்கு வலப்பக்கம். மேசையில் வடக்கு மேலே இருக்கும்படி விரித்த படத்தில் அதே சுவர் இடப்பக்கம். ஓடுகிற திசைக்குப் படத்தைத் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவரே சொல்லிக்கொடுத்த பாடம். அன்றைக்கு அவர் திருப்பவில்லை.

நேரில் ஓடியிருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. பதினாலாம் பாதையில் அவர் ஓடவே இல்லை.

மற்ற பத்தொன்பதிலும் மூன்று மூன்று தடவை ஓடியிருந்தார், ஒரு தடவை மழையில் வேண்டுமென்றே. பதினாலுக்கு முறை வந்தபோது இடது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஆறு வாரம் அசையக் கூடாதென்று டாக்டர் சொன்னார். ஈஸ்டருக்கு வெளியூர்க்காரர்கள் வருவதற்குள் புத்தகம் கடைக்குப் போயாக வேண்டும். அட்டையில் இருபது என்று ஏற்கெனவே போட்டாயிற்று. பாதையின் பெரும்பகுதி வேலைக்காலத்தில் துண்டு துண்டாக அவர் நடந்த இடம்தான். நடுவில் அந்த இரட்டைச் சுவர்ப் பகுதியை மட்டும் படத்தைப் பார்த்து எழுதி முடித்தார். ஒரு சாயங்காலம்தான் ஆயிற்று.

இது தெரிந்த இன்னொரு ஆள் அவர் மனைவி பெரில். முழங்காலுக்கு ஐஸ் கட்டியவள் அவள்தான். மேசையில் படத்தையும் புத்தகத்தையும் பார்த்தாள், எதிரே உட்கார்ந்து அந்த வரியைப் படித்தாள்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து டெனீஸ் வந்ததும் போய்ச் சொல்லிவிடுவதாக ஆல்வின் சொன்னார். பெரில் தலையாட்டிவிட்டு டீ போட எழுந்தாள்.

டெனீஸ் வெள்ளிக்கிழமை வீடு திரும்பினாள். ஆல்வின் போகவில்லை. வந்த அன்றைக்கே போய்த் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று இருந்தது. அடுத்த வாரம் அவள் அக்கா வந்து தங்கியிருந்தாள், மூன்றாவது ஆள் முன்னால் பேசுகிற விஷயமா இது. அதற்கடுத்த வாரம் காரணம் எதுவும் இல்லை, அப்போதும் போகவில்லை. அவள் கையிலிருந்த புத்தகம் ஈரத்தில் கூழாகிவிட்டதென்று கேள்விப்பட்டார். ஊரில் வேறு யாரும் அறுபத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. இரட்டைச் சுவரில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதைப் புத்தகத்தில் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

ஒரு நாள் தனியாக மலையேறிப் போனார். வானம் தெளிவாக இருந்தது, காற்று மட்டும் கடுமை. இரட்டைச் சுவரிலிருந்து இடப்பக்கமாக நடந்தார். இடுப்பளவுச் சுவர் கொஞ்சமும் தணியாமல் நேராகப் போய், விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் வெட்டினாற்போல் நின்றது. பாறையே ஆட்டுக்கு வேலி, அதற்கு மேல் கல் அடுக்குவது வீண் வேலை என்று கட்டினவர்கள் விட்டிருப்பார்கள். சுவரைக் கையால் தடவிக்கொண்டு பனிக்குள் வருகிறவர்களுக்கு அந்த ஒரு முழம்தான் அவகாசம். ஆல்வின் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். கீழே திட்டு தெரிந்தது. அவர் நினைத்ததைவிட அது சின்னது, ஒரு கட்டில் அளவுகூட இல்லை. அதற்கும் கீழே வெறும் பாறைதான், அடிவாரம்வரை. எழுந்து சற்றுப் பின்னால் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இறங்கி வந்து பெரிலிடம் எதுவும் சொல்லவில்லை.

நவம்பர் நடுவில் மலையோட்டக் குழுவின் வருடாந்திர விருந்து நடந்தது. பப்பின் மாடியில் முப்பது பேர். மாவுக்குள் ஆட்டிறைச்சி வைத்துச் சுட்ட 'பை', பட்டாணி, பிறகு பழக்கேக்கும் பாலாடைக்கட்டியும். டெனீஸ் ஊன்றுகோலோடு வந்திருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு பரிசுகள். ஒவ்வொரு வருடமும் கடைசியில் ஒரு கேலிப் பரிசு உண்டு. ரெக் அவளை முன்னால் கூப்பிட்டு ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறையைக் கொடுத்தார். ஒன்றின் முதுகில் சிவப்பு நூலால் 'இடது' என்றும் மற்றதில் 'வலது' என்றும் பின்னியிருந்தது. ரெக்கின் மனைவி இரண்டு வாரம் உட்கார்ந்து பின்னினாளாம். கூரை அதிரச் சிரித்தார்கள். டெனீஸ் முறியாத கையில் ஒன்றை மாட்டி எல்லோருக்கும் காட்டினாள். தப்பான கையில் மாட்டியிருந்தாள். வேண்டுமென்றே செய்தாளா, தெரியாமலா என்பது ஆல்வினுக்குப் புரியவில்லை. அவரும் கை தட்டினார். பக்கத்தில் பெரில் தட்டவில்லை.

அவரைக் கடைசியில் போக வைத்தது பெரில் தபால் நிலையத்தில் கேட்டு வந்த ஒரு செய்தி. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வரிசையில் நின்றபோது சொன்னாளாம். வியாழக்கிழமைதோறும் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குச் சிற்றுந்தில் கூட்டிப் போவது டெனீஸின் வேலை. எலும்பு கூடின பிறகும் அதை ஓட்டப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வேறு ஆள் கிடைக்காததால் நீச்சல் வகுப்பே நின்றுவிடும் போலிருக்கிறது.

"ஏன்னு கேட்டதுக்கு, எனக்கு என் மேலயே நம்பிக்கையில்ல டீச்சர்னாளாம்," என்றாள் பெரில். முட்டைக்கோஸை நறுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆல்வின் டெனீஸின் வீட்டுக் கதவைத் தட்டினார். பையில் பச்சை அட்டைப் புத்தகம், கையில் பெரில் சுற்றிக்கொடுத்த பாதிப் பழக்கேக். டெனீஸ் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒற்றைக் கையால் உருளைக்கிழங்கு சீவப் பழகிக்கொண்டிருந்தாள். டீ வேண்டுமென்றால் அவரே போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். வேண்டாம் என்று சொல்லி எதிரே உட்கார்ந்தார். கேக்கை மேசையில் வைத்தார். புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

"நீ தப்பாப் போகல டெனீஸ்," என்றார். "புக்குல அப்டித்தான் இருக்கு. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவள் படித்தாள். இடது கையை லேசாக உயர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி படித்தாள். புத்தகத்தை மூடி, மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நீ விழுந்து ரெண்டாம் நாளு."

"ரெண்டாம் நாளு." அவள் கணக்குப் போட்டாள். "ஆறு வாரம். அன்னிக்கு விருந்துல நீங்க எனக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"கை தட்டுனீங்க."

"தட்டுனேன்."

டெனீஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குரல் உயரவில்லை. எலும்பு முறிந்ததுகூட அவளுக்குப் பெரிதில்லை என்று ஆரம்பித்தாள். மலையில் ஓடினால் எலும்பு முறியும், அது தெரிந்துதான் ஓடுவது. ஆனால் இந்த ஆறு வாரமும் ராத்தூக்கத்தில்கூட அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். பனிக்குள் நின்று, புத்தகத்தைப் படித்து, இடது என்று வாய்விட்டுச் சொல்லி, கையைப் பார்த்துவிட்டு இடப்பக்கம் போனது தெளிவாக நினைவிருந்தது. ஆனால் எல்லோரும் வலது என்றார்கள். அப்படியானால் தன் மூளையில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தாள். படித்தது ஒன்று, நினைவில் இருப்பது வேறொன்று. இப்படிப்பட்டவள் எப்படி வண்டி ஓட்டுவது?

"பதினாறு பிள்ளைங்க ஆல்வின். அந்தச் சாலை உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ஆறு. எந்த வளைவுல என் கை எந்தப் பக்கம் திரும்புமோன்னு... எங்க அம்மா கடைசில அப்டித்தான் இருந்தாங்க, அது எனக்கும் வந்துடுச்சுன்னே நெனச்சுட்டேன்."

ஆல்வின் எதையும் மறுக்கவில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று அவள் கேட்டபோது, முழங்காலையும் டாக்டரையும் ஈஸ்டரையும் பற்றிச் சொன்னார். கேட்டுக்கொண்டாள்.

"பத்தொம்போது பாதைன்னு போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம். இருபதுன்னா அட்டையில நல்லா இருக்கும்னு நெனச்சேன்."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள், ஆனால் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள அவருக்குத் தோன்றவில்லை. இதை ரெக்கிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு அவள் தலையை ஆட்டி மறுத்தாள். தனியாக ரெக் காதில் ஓதுவதெல்லாம் வேண்டாம். மலையோட்டக் குழுவின் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் தானும் வருவதாகவும், கையுறைக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் இருக்கும்போது அவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். ஆல்வின் சரி என்றார். கதவுவரை போனவரைக் கூப்பிட்டு, கேக்கை மேசையிலிருந்து எடுத்துத் தன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.

வியாழக்கிழமைக் கூட்டம் ஊர் மண்டபத்தின் பின்னறையில் நடக்கும். இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள், ஓடிவிட்டு வந்த வேர்வையோடும் சேற்றோடும். ஓட்ஸ் கேக் தட்டு சுற்றிவந்தது. டெனீஸ் கதவோரம் நாற்காலியில் இருந்தாள். டிசம்பர் ஓட்டத்துக்கு யார் யார் வழி காட்டும் கொடி நடுவது என்று ரெக் பேசி முடித்ததும் ஆல்வின் எழுந்தார். அறுபத்தொன்றாம் பக்கத்தை உரக்கப் படித்தார். இரண்டாவது வாக்கியம் முடியும்போது ஓட்ஸ் கேக் தட்டு யார் கையிலோ நின்றுவிட்டது.

ரெக்தான் முதலில் பேசினார். "அச்சுப் பிழையாய்யா?"

நட்பாகத்தான் கேட்டார். கதவைத் திறந்துவிடுவது மாதிரியான கேள்வி. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அச்சகம் ஸ்கிப்டனுக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்தது, யாரும் போய்க் கேட்கப் போவதில்லை. ஆல்வினுக்கு அது தெரிந்தது. டெனீஸ் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

"இல்ல ரெக். நான் எழுதுனதத்தான் அவங்க அடிச்சாங்க. அந்தப் பாதையில நான் ஓடவே இல்ல. வீட்ல உக்காந்து படத்தப் பாத்து எழுதுனேன்."

பிறகு மூலையிலிருந்து ட்ரெவர் லாம்பர்ட் தொண்டையைச் செருமினான். பார்சல் வண்டி ஓட்டுகிறவன், இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

"நானும் இடது பக்கந்தான் போனேன்," என்றான். "போன ஆகஸ்ட்ல. நல்ல வெயில், ஓரம் தூரத்துலயே தெரிஞ்சுது. திரும்பி வந்துட்டேன்."

ஏன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்று ரெக் கேட்டார்.

"நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்னு நெனச்சேன். மெட்காஃப் புக்குல தப்பிருக்கும்னு யாரு நெனப்பா?"

அந்தப் பேச்சுத்தான் ஆல்வினைச் சுட்டது. வேறு யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவர் உட்கார்ந்துகொண்டார். சலசலப்பு எழுந்தது. சிலர் ட்ரெவரைக் கோபித்தார்கள், சிலர் மற்ற பத்தொன்பது பாதைகளும் சரிதானா என்று கேட்டார்கள். ரெக் மட்டும் எழுந்து, அறையைக் கடந்து டெனீஸிடம் போனார். பெரிய உடம்பு, குனிவதற்குச் சிரமப்பட்டார்.

"அந்தக் கையுறைய திருப்பிக் குடுத்துடு பொண்ணே," என்றார்.

"மாட்டேன். கதகதன்னு இருக்கு."

"மன்னிச்சுக்கோ."

"சரி," என்றாள் டெனீஸ். அவ்வளவுதான். பிறகு யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். போகும்போது ஆல்வினிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஆல்வின் காரை எடுத்துக்கொண்டு சுற்றினார். ஹெப்டேல் தபால் நிலையம், பாலத்தடி டீக்கடை, பக்கத்துப் பள்ளத்தாக்கில் காலணிக் கடை ஒன்று, இரண்டு விடுதிகள். விற்காத புத்தகங்களையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். நாற்பத்தோரு பிரதிகள் கூடத்தில் இரண்டு பெட்டிகளில் கிடந்தன. ஏற்கெனவே விற்றவை எங்கே இருக்கின்றனவோ தெரியாது. குழுவின் இணையப் பக்கத்திலும் வட்டாரச் செய்தித்தாளிலும் அறிவிப்புக் கொடுத்தார். பிராட்ஃபோர்டிலிருந்து ஒருவர் கோபமாக எழுதினார். ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பெண், தான் பதினாலாம் பாதையை அப்படியே ஓடியதாகவும் எந்தச் சிரமமும் இல்லை என்றும் எழுதினாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ரொட்டிக் கடையில் யாராவது வழிமறித்து மற்ற பாதைகளைப் பற்றி விசாரிப்பது பனிக்காலம் முடியும்வரை நடந்தது. அவரும் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னார்.

ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்தில் பதினாலாம் பாதையை நாலு தடவை ஓடினார். ஒவ்வொரு தடவையும் வந்து புதிதாக எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்ட பெரில் இருந்தாள், ஆனால் அவள் மலையேறாதவள். மார்ச் மாதம் டெனீஸ் மறுபடி சிற்றுந்து ஓட்ட ஆரம்பித்தாள் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து கேட்டார். ஓடுகிற அளவுக்குக் கால் சரியானதும் புதிய பக்கத்தைப் படித்துப் பார்த்து, கூட வந்து சரிபார்க்க முடியுமா என்று. முடியாது என்றாள்.

"அது உங்க வேல. நான் எதுக்கு வரணும்?"

மூன்று வாரம் கழித்து அவளே போன் செய்தாள். சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். நிபந்தனை ஒன்றுதான். காகிதம் தன் கையில் இருக்கும், அவர் முப்பது அடி பின்னால் வரவேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. தான் தப்பாகப் போனால் தப்பாகவே போகட்டும், அப்போதுதான் எழுத்தில் என்ன கோளாறு என்று தெரியும். ஆல்வின் ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை, ஆடுகள் குட்டி போட்ட சமயம். டெனீஸ் மெதுவாக ஓடினாள். ஏற்றத்தில் நடந்தாள். கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தாள். ஆல்வின் முப்பது அடிக்குப் பின்னால், கல்யாண வீட்டில் அழைக்காமல் வந்துவிட்டவர் மாதிரி தொடர்ந்தார். ஒவ்வொரு கேட்டிலும் அவள் நின்று காகிதத்தைப் படித்தாள், பிறகு ஓடினாள். பழைய ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். அங்கே இரண்டு தடங்கள் இருந்தன. ஆல்வினுக்கு வாய் துறுதுறுத்தது. அவள் தப்பான தடத்தில் நூறு அடி போனாள், நின்றாள், திரும்பி வந்து பேனாவை எடுத்துக் காகிதத்தில் எதையோ அடித்துவிட்டு எழுதினாள். அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

மலைமுதுகில் வெயில் இருந்தது. இரட்டைச் சுவரில் அவள் காகிதத்தைப் படித்தாள். வலப்பக்கம் திரும்பி, நடந்து, சுவரோடு சுவராக இரும்புக் கேட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஆல்வின் வந்ததும், காகிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் காத்திருக்கச் சொல்லித் திரும்பி நடந்தாள். ஸ்கார் பக்கம் போகிறாள் என்று தெரிந்தது. அவர் கூடப் போகவில்லை. கால் மணி நேரம் கேட்டில் சாய்ந்து நின்றார். காட்டுக்கோழி ஒன்று எங்கோ கத்திக்கொண்டிருந்தது. அவள் வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையிலிருந்து சாண்ட்விச்சை எடுத்துப் பாதி கொடுத்தாள். ஹாமும் ஊறுகாயும்.

"இப்பப் பேசலாமா?" என்றார் ஆல்வின்.

"பேசுங்க."

எழுத்து எப்படியிருக்கிறதென்று கேட்டார். இரட்டைச் சுவர் சரி என்றாள். 'இடப்பக்கச் சுவர் செங்குத்துப் பாறையில் முடிகிறது, அதன் பக்கம் போக வேண்டாம்' என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னாள். ஆட்டுப் பட்டியில் எழுதியிருப்பது ஒருத்தருக்கும் புரியாது, அதை மாற்றிவிட்டாளாம். சற்றுத் தூரம், கொஞ்ச தூரம் என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறார், அவ்வளவும் உபயோகமில்லை. எத்தனை அடி என்று அளந்து எழுத வேண்டும்.

"அப்புறம் அந்த ஓடைக்கு அந்தப் பக்கம், 'தரை சற்று ஈரமாக இருக்கும்'னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

அவள் காலைத் தூக்கிக் காட்டினாள். சதுப்பின் கறுப்புச் சேறு முழங்கால்வரை ஏறிக் காய்ந்துகொண்டிருந்தது.

"இதுக்குப் பேரு சற்று ஈரமா ஆல்வின்?"

அவர் பேனாவை வாங்கி, கேட்டின் கம்பியில் காகிதத்தை வைத்து அந்த வரியை அடித்தார். என்ன போடலாம் என்று கேட்டார். முழங்கால்வரை புதையும் என்று போடுங்கள் என்றாள். போட்டார்.